தறி நின்றால் அழுகிற பிள்ளை

பாக்கியமேரி தன் மகளைப் பற்றிப் பெருமையடித்த நாட்களில் நானும் கூடச் சேர்ந்து அடித்திருக்கிறேன். ஆரணியில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் தறிகளுக்கு குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவேன். கூடத்தில் எதிரெதிராக இரண்டு குழித்தறி. ஒன்றில் அவள் புருஷன் சவரிராஜ், இன்னொன்றில் அவள். இரண்டும் ஓடும்போது இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அந்த வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான். ஐந்து விரலும் சேர்ந்து வாய்க்குப் போனால் சோறு, கட்டைவிரல் மட்டும் போனால் தண்ணீர்.

சகாயமேரி பிறந்தது எழுபத்து மூன்றில். மூத்தவன் சத்தியராஜ் கைக்குழந்தையில் தறிச் சத்தம் கேட்டாலே வீறிட்டு அழுது எங்களைப் பேஜார் பண்ணினவன். இவள் அப்படியில்லை. இரண்டு தறிக்கும் நடுவே உத்தரத்தில் கட்டிய தூளியில் நிம்மதியாகத் தூங்கினாள். தறி நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுதாள்.

"தறி ஓடலன்னா எம் பொண்ணுக்குத் தூக்கமே வராது" என்று பாக்கியமேரி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

தவழ ஆரம்பித்ததும் குழியில் விழாமல் இருக்கப் புடவைக் கிழிசலால் தூணில் கட்டிப்போட்டாள். நடை வந்ததும் கட்டை அவிழ்த்தாள். அதற்குப் பிறகு பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால், தறியில் உட்கார்ந்தபடியே பக்கத்து மண்தரையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவாள். முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை உடனே எழுந்து ஓடி வரும்.

நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. நாக்கில் வசம்பு தேய்த்தோம். சத்தியராஜும் தாமதமாகத்தான் பேசினான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். பாக்கியமேரியின் கவலையெல்லாம் அப்போது பள்ளிக்கூடம்தான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். மாதாமாதம் வளைத்துப் பார்ப்பாள். விரல் நுனி தொட்ட அன்று எங்கள் எல்லோர் வாயிலும் வெல்லம் போட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளிலேயே கற்பகம் டீச்சர் ஆள் அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். டீச்சர் பிள்ளைக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார், கை தட்டினார். அது பாட்டுக்கு ஜன்னலில் உட்கார்ந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இவளுக்குக் காது கேக்கலம்மா."

"இன்னா டீச்சர் சொல்றீங்க? வூட்ல கூப்ட்டா ஓடியாறாளே!"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானும் சேர்ந்து டீச்சரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பாக்கியமேரி புருஷனின் தறியை நிறுத்தச் சொன்னாள். சகாயம் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சோறு தின்றுகொண்டிருந்தாள். அம்மா "சகாயம்" என்றாள். திரும்பவில்லை. சவரிராஜ் கூப்பிட்டான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் பாக்கியமேரி குனிந்து தரையைத் தட்டினாள். பிள்ளை சோற்றுக் கையோடு திரும்பிச் சிரித்தது.

"தூளி அதுர்றது நின்னதுக்கு அழுதிருக்கா, காசி. அதப் போயி ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தேனே" என்று அவள் என்னைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சென்னைப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் காது கேளாதோர் பள்ளி இருப்பதாகப் பங்குச் சாமியார் சொன்னார். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ஆறு வயசுப் பிள்ளையை விடமாட்டேன் என்று பாக்கியமேரி ஒரு வருஷம் பிடிவாதம் பிடித்தாள். பிறகு போய்ப் பார்த்தபோது ஒரு சிஸ்டர், "பேசக் கத்துக் குடுப்போம். ஒருநாள் உங்கள அம்மான்னு கூப்பிடுவா" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்காக விட்டுவிட்டு வந்தாள்.

"ஒரு தபா கேட்டா போதும் காசி. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வாணாம்."

ஒவ்வொரு லீவுக்கும் சகாயம் வேறு பிள்ளையாக வந்தாள். ஒரு தடவை சடையைத் தானே பின்னிக்கொண்டாள். இன்னொரு தடவை முன்பல் புதிதாக இருந்தது. "பல்லு வுயுந்து மொளச்சே பூடுச்சி, நான் பாக்கல" என்று பாக்கியமேரி அந்தப் பல்லையே தடவிக்கொண்டிருந்தாள். ஆனால் அம்மா என்ற சொல் வரவில்லை.

மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸ் லீவு. சவரிராஜ் போய் அழைத்து வந்தான். பஸ்ஸிலேயே தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து படுக்க வைத்தான். பண்டிகைக்கு முன் சேலைகளை முடிக்க வேண்டுமென்று மறுநாள் விடிந்ததுமே இரண்டு தறியும் ஓடின. நான் தார்க்கூடையோடு உள்ளே போகும்போது சகாயம் எழுந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். சிஸ்டர்கள் பழக்கியபடி தொண்டையில் விரலை வைத்துக்கொண்டாள்.

"அம்மா."

குரல் மூக்கிலிருந்து வந்தது. அவளை ஒட்டி நின்றதால்தான் எனக்கே கேட்டது. பாக்கியமேரி நெய்துகொண்டிருந்தாள். சகாயம் மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டாள். நான் கூடையைப் போட்டுவிட்டுப் பாக்கியமேரியின் தோளைத் தொடுவதற்குள், பிள்ளை உட்கார்ந்து உள்ளங்கையால் தரையைத் தட்டிவிட்டது.

பாக்கியமேரி திரும்பி, சிரித்து, ஐந்து விரலை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டாள்.

நான் இரண்டு கையையும் வீசித் தறிகளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். அவள் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தன் உதட்டைத் தொட்டுக் காட்டி, "சொல்லு கண்ணு, இன்னொரு தபா சொல்லு" என்று கெஞ்சினாள். சகாயம் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்தாள். தொண்டையைத் தொட்டு, இல்லை என்று கையை ஆட்டினாள். அம்மா திரும்பாததால், தனக்குக் குரலே வரவில்லை என்று முடிவு செய்துவிட்டாள். தறிக்குச் சத்தம் உண்டு என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

அதிலிருந்து சகாயம் லீவுக்கு வந்தால் அந்த வீட்டில் தறி ஓடுவதில்லை. "நூல் குடுத்த மொதலாளிக்கு இன்னா பதில் சொல்றது?" என்று சவரிராஜ் முதலில் கத்திப் பார்த்தான். இப்போது அவனும் சும்மா உட்கார்ந்திருக்கிறான். மே மாதம் முழுக்கக் கூடம் நிசப்தமாக இருக்கிறது. பாக்கியமேரி வேண்டுமென்றே மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் சகாயம் தரையைத் தட்டுகிறாள். பாக்கியமேரி திரும்பிச் சிரிக்கிறாள்.