மூன்றாவது லைனில் ஆறாவது ஆள்

திண்டிவனம் பக்கத்து ஷூ கம்பெனியில் செண்பகத்துக்கு மேல்தோல் தைக்கும் வேலை. இரண்டு வருஷம் டிரெய்னியாக ஓட்டினால்தான் பர்மனென்ட். அந்த ஒரு வார்த்தைக்காக ஒண்ணுக்குக்கூடப் போகாமல் தைத்தாள்.

2012இல் கம்ப்யூட்டர் ஆள் அரிபிரசாத் கணக்கெடுக்க ஒரு குவெரி, அதாவது கம்ப்யூட்டர் கட்டளை, எழுதினான். தைத்த எண்ணிக்கைப்படி ஒவ்வொரு லைன் ஆட்களையும் அது வரிசைப்படுத்தும். முதல் ஐந்து பேர் தைத்ததை மட்டும் கூட்டும். மற்ற இருபத்தைந்து பேருடையது கூட்டலில் வராது. கூட்டல் பெரிதாக வந்த லைனின் சூப்பர்வைசருக்கு மேலே நல்ல பேர்.

மூன்றாவது லைன் சூப்பர்வைசர் அப்பாதுரைக்கு வழி உடனே பிடிபட்டது. ஆளுக்கொரு நம்பர் போட்ட கூடை. சாயங்காலம் கூடையில் இருப்பதுதான் அந்த ஆளின் கணக்கு.

"செண்பகம், தைக்கிறத அஞ்சாவது ஆளு புனிதா கூடையில போட்டுக்கினே வா. உன்னுதுல நாலு ஜோடி கெடந்தா போதும்."

"என் கணக்கு கொறையுமே சார்?"

"நீ ஆறாவது ஆளு. உன்னுத அது கூட்டவே கூட்டாது, வீணாத்தான போவுது? லைன் ஜெயிக்கட்டும், பர்மனென்ட்டுக்கு நான் பொறுப்பு."

எட்டு மாசம் போட்டாள். மூன்றாவது லைன் ஜெயித்தது. புனிதா மேடையேறி பரிசாகக் குக்கர் வாங்கினாள், செண்பகம் கை தட்டினாள்.

அடுத்த வாரம் பட்டியல் ஒட்டினார்கள். செண்பகத்தின் பேர் வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறவர்களில் இருந்தது. அரிபிரசாத்திடம் ஓடினாள்.

"ஒரு நாளைக்கு நாலே ஜோடிதான் தைச்சிருக்கீங்கக்கா. தூங்கிட்டீங்களா?"

"என்னுதெல்லாம் புனிதா கூடையில தம்பி!"

"கூடை நம்பர்தான் எனக்கு வரும். யாரு கைன்னு குவெரிக்கு எப்படித் தெரியும்?"

அங்கிருந்து நேராக அப்பாதுரையிடம் போனாள். அவர் நிமிரவில்லை.

"நான் எப்போ சொன்னேன்? ஏ புனிதா, சொன்னனா?"

புனிதா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "தெரியாது சார். அக்கா எப்பனா ரெண்டு போடும், பாவம்."

"ரெண்டாடி? எட்டு மாசம்டி!"

"கத்தாத," என்றார் அப்பாதுரை. "ஜல்தி மெஷின காலி பண்ணு, புது ஆளு நிக்கிது."

வாசலில் செக்யூரிட்டி அவள் பையைத் தரையில் கொட்டச் சொன்னான். சீப்பு, சாப்பாட்டு டப்பா. டப்பாவைத் திறந்தும் பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் ஏறப் போனவளை டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினான்.

"லிஸ்ட்ல பேர் அடிச்சிட்டாங்கம்மா. ரோட்டுக்குப் போய் கவர்மென்ட் பஸ் புடி."

ரோடு நாலு கிலோமீட்டர். நடந்தாள். லைன் ஆட்களோடு பஸ் அவளைத் தாண்டிப் போனது. ஒருத்தியும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.