வெள்ளைத் தட்டில் ஒரு ரெட்டைவால்

போஜம்மாவை எங்கள் ஊரில் பூச்சிக்காரம்மா என்பார்கள். விராஜ்பேட்டை சந்தையில்கூட அந்தப் பெயர்தான். அவள் கோபித்துக்கொண்டதில்லை. காப்பியையும் மிளகையும் என்னைவிட நன்றாகக் கவனித்தாள். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். ஆனால் ஊருக்கு நினைவில் இருப்பது, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்ற போஜம்மாதான். அவள் என் மனைவி. போன மழைக்காலத்தில் இறந்துபோனாள்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே பெள்ளியப்பாவின் தோட்டம். இரண்டையும் தொட்டுக்கொண்டு ஒரு ஓடை இறங்குகிறது. காப்பிப் பழம் உரிக்கிற பருவம் வந்தால் பெள்ளியப்பாவின் பல்ப்பர் இயந்திரத்திலிருந்து கழுவுதண்ணீர் அதில் விழும். ஓடை பழுப்பாகிப் புளித்து நாறும், மீன் மிதக்கும், மழை வந்தால் தெளியும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. மைசூரில் விலங்கியல் படித்துவிட்டு வந்தவளுக்குத்தான் பழகவில்லை.

ஓடையைச் சோதிக்க அவளுக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் கிடக்கும் கற்களைக் காலால் உருட்டிக் கிளறுவாள். கல்லடியில் ஒட்டியிருந்த பூச்சிக் குஞ்சுகள் வலைக்குள் வந்து விழும். அவற்றை வெள்ளை எனாமல் தட்டில் கொட்டிப் பார்ப்பாள். விருந்தில் பன்றிக் கறி பரிமாறுகிற தட்டு அது. என் அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், முதலில் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சோற்றைத் தொடுவாள்.

தட்டில் சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பொருள். மூன்று வால் பூச்சி இருந்தால் பரவாயில்லை. ரெட்டைவால் பூச்சி இருந்தால் ஓடை நலம். கொஞ்சம் அழுக்கைக்கூட அந்தப் பூச்சி தாங்காது.

அவள் பெள்ளியப்பாவிடம் போய், கழுவுதண்ணீரை ஓடையில் விடாமல் குழி வெட்டித் தேக்கச் சொன்னாள். அப்போது அக்டோபர். ஓடை தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கு, பாரு. ஐப்பசி சங்கிரமணத்தன்னிக்கு காவேரியம்மா எல்லாத் தண்ணிக்கும் வந்துட்டுப் போறா. நீ அவளுக்கே பரீட்சை வைக்கிறியா?" என்றார் அவர்.

"அம்மா அக்டோபர்ல வர்றா அண்ணா. உங்க பல்ப்பர் தண்ணி டிசம்பர்ல வருது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழியும் வெட்டினார். ஆனால் களத்தை ஒட்டிய நல்ல இடம் அதற்குப் போயிற்று. ஏப்ரலில் மகள் கல்யாணம், பந்தல் போட அந்த இடம்தான் வசதி. அதனால் ஒரு நிபந்தனை வைத்தார். பருவம் முடிவதற்குள், எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் பாலத்தடியில் ரெட்டைவால் வந்தால் குழி இருக்கும். வராவிட்டால் மூடிவிட்டுப் பந்தல்.

ஜனவரியில் பல்ப்பர் முழு வேகத்தில் ஓடியது. ஓடையில் நாற்றம் இல்லை, நிறமும் மாறவில்லை. போஜம்மா சந்தோஷமாகப் பாலத்தடியில் இறங்கினாள். தட்டில் கொட்டினால் சிவப்புப் புழு. இன்னொரு முறை கிளறினாள். மறுபடியும் சிவப்புப் புழு.

கரையில் நின்ற பெள்ளியப்பா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "என்னம்மா, உன் விருந்தாளி வரலியா? பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"நாளைக்கு வரை பொறுங்க அண்ணா."

"பொறுக்கிறேன். பூச்சி பொறுக்குமான்னு கேளு."

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. "தண்ணி நாறல, ஆனா பூச்சி இல்ல. எங்கேயோ தப்பு இருக்கு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பாலத்திலிருந்து மேல்நோக்கி நடந்து, சில அடிக்கு ஒருமுறை இறங்கிக் கிளறினாள். தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நான். எங்கள் பன்றிக்கொட்டில் வரைக்கும் சிவப்புப் புழுதான். கொட்டிலைத் தாண்டி, பெள்ளியப்பாவின் குழிக்கு நேர் கீழே கிளறினாள். தட்டில் ரெட்டைவால் ஊர்ந்தது.

போஜம்மா திரும்பிக் கொட்டிலைப் பார்த்தாள். எப்போதும் இரண்டு பன்றி வளர்க்கிற இடம். அந்த வருஷம் எட்டு நின்றன. கழுவிவிடும் தண்ணீர் வாய்க்கால் வழியே நேராக ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஈரச்சேலையோடு, தட்டோடு அவள் அப்படியே பெள்ளியப்பாவின் களத்துக்கு ஏறினாள். அவர் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க குழி நல்லாத்தான் வேலை செய்யுது. குத்தவாளி எங்க வீட்டுல இருக்கு."

"யாரு, உன் வீட்டுக்காரனா?"

"இல்ல, பன்னி."

"எந்தப் பன்னி? என் பொண்ணு கல்யாணத்துக்குன்னு உங்கிட்ட வளக்கச் சொன்னேனே, அதா?"

"அதேதான். எட்டும்."

அவர் காப்பி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்போ குழி வெட்டினாலும் நான்தான் ஓடையை நாறடிக்கிறேன், வெட்டாட்டியும் நான்தான்!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவர் தட்டுக்குள் குனிந்தார். "பாலத்தடியிலன்னுதானே பேச்சு. இது வேற இடமாச்சே?"

தட்டில் ரெட்டைவால் உடம்பை ஏற்றி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

"என்ன இது, தண்டால் எடுக்குது?"

"மூச்சு முட்டுது அண்ணா. அதுக்கு ஓடுற தண்ணி வேணும்."

பெள்ளியப்பா சட்டென்று எழுந்தார். "அப்புறம் இங்க என்ன பேச்சு? கொண்டுபோய் விடு முதல்ல. பந்தலை மேட்டுல போட்டுக்கலாம்."

கொட்டிலை நாங்கள் ஓடையை விட்டுத் தள்ளி மாற்றினோம். கல்யாணம் மேட்டில் நடந்தது. கறி பரிமாறும்போது பெள்ளியப்பா வந்தவர்களிடமெல்லாம், "இந்தப் பன்னி மேல ஒரு கேஸ் இருந்துச்சு, தீர்ந்துபோச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் பாலத்தடியில் ரெட்டைவால் வந்தது. ஒவ்வொரு தடவையும் போஜம்மா யாரோ உறவுக்காரர் வந்ததுபோல, மேலே பெள்ளியப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக் கூவுவாள்.

இந்த ஜனவரியில் வலையை எடுக்க எனக்குக் கை வரவில்லை. பெள்ளியப்பாதான் வாசலில் வந்து நின்றார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்திருந்தார்.

"தட்டு எங்கப்பா? என் குழி இந்த வருஷம் பாஸா பெயிலான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அவர் வலையைப் பிடித்தார். கற்களை நான் கிளறினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. முதல் முறையிலேயே வந்துவிட்டது. சின்னது, ஆனால் இரண்டு வாலும் தெளிவாக இருந்தன. பெள்ளியப்பா போஜம்மா மாதிரியே மேலே பார்த்து ஒரு கூவல் கூவினார். பிறகு, அது தண்டால் எடுக்கத் தொடங்குமுன் தட்டை ஓடையில் சாய்த்தார்.