ஒஹையோ தெருக்களில் ஸ்ரீவத்சன்

மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் ஸ்ரீவத்சன் தனியாகக் குடியிருந்தார். அடையாறில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. விவாகரத்தாகி நான்கு வருஷம். ஒன்பது வயது மகள் ஹம்சினி, அம்மாவோடு அமெரிக்காவில் ஒஹையோவில் இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை போனில் பேசுவார்கள்.

“சாப்ட்டியாம்மா?”

“ம்.”

“ஸ்கூல் எப்படிப் போறது?”

“நன்னா போறதுப்பா.”

அதற்குமேல் இருவருக்குமே பேச்சு ஓடாது.

1998 கடைசியில் பக்கத்துத் தெருவில் ஹபீபுர் ரஹ்மான் பிரவுசிங் சென்டர் திறந்தார். அமெரிக்கத் தெருக்களின் வரைபடம் கம்ப்யூட்டரில் வரும் என்பது அங்கேதான் ஸ்ரீவத்சனுக்குத் தெரிந்தது. மகளின் விலாசத்தை அடித்தார். படம் பட்டை பட்டையாக, மெதுவாக இறங்கியது. அவள் வீடு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், அங்க வீடு வாங்கப் போறியா?” என்றார் ரஹ்மான்.

“எம் பொண்ணு அங்க இருக்கா.”

ரஹ்மான் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஈமெயிலில் ஒரு விளையாட்டு அனுப்பினார். அவள் அதே படத்தைத் திறந்து, தன் வீட்டிலிருந்து விரலால் கிளம்ப வேண்டும். மரத்தின் பெயர் கொண்ட தெருவில் இடது பக்கம் திரும்பு. ரயில் பாதையைத் தாண்டு. அங்கே இருக்கும் குளத்துக்கு என்ன பெயர்? இப்படி ஐந்து கேள்விகள். இரண்டே நாளில் ஐந்துக்கும் விடை வந்தது. கீழே, ‘இன்னும் கஷ்டமா குடுப்பா’ என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

அதிலிருந்து வாரம் ஒரு விளையாட்டு. நூலகத்தில் புத்தகம் அடுக்கும்போதும் அவர் மனசு அந்தத் தெருக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. போனிலும் பேச விஷயம் கிடைத்தது.

ஜூன் மாதத்தில் நீளமாக ஒரு மெயில் வந்தது. ‘அப்பா, நீ கேட்ட குளத்தை நெஜமாவே போய்ப் பாத்தோம். நிரஞ்சன் அங்கிள் கூட்டிண்டு போனார். வாத்தெல்லாம் இருக்கு. இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை எல்லா இடத்துக்கும் போகலாம்னு சொல்லியிருக்கார்.’

நிரஞ்சன் யாரென்று அவர் கேட்கவில்லை. பதில் எழுதாமல் எழுந்து வந்துவிட்டார். அடுத்த ஞாயிறும் சென்டர் பக்கம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலையில் போன் அடித்தது. ஹம்சினி தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“ஏம்ப்பா அனுப்பலை? நானும் அங்கிளும் ஷூ போட்டுண்டு ரெடியா இருந்தோம்.”

“வேலையா இருந்துட்டேம்மா. இன்னிக்கே அனுப்பறேன்.”

அன்று கேள்வி தயாரிக்க வெகு நேரம் பிடித்தது. பெரிய சாலை குறுக்கிடுகிறதா, குழந்தை நடக்கிற தூரம்தானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், ‘தண்ணி எடுத்துண்டு போ. அங்கிளுக்கு விடை தெரியறதான்னும் கேளு’ என்று எழுதினார். அங்கிள் பற்றிய வரியை ஒருமுறை அழித்துவிட்டுத் திரும்பவும் அடித்தார்.

பதில் மறு ஞாயிறு வந்திருந்தது. நான்கு விடை சரி. ஐந்தாவது தெரு படத்தில்தான் இருக்கிறதாம், நேரில் போனால் வெறும் புல்வெளியாம்.

“பொண்ணு எய்திக்கீதா சார்?” என்று கேட்டார் ரஹ்மான்.

“எழுதியிருக்கா. அந்த மேப்புல ஒரு தெரு தப்பு” என்றார்.

வெளியே வந்தவருக்கு உடனே வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. வெயிலைப் பார்க்காமல், ஒவ்வொரு தெருவின் பெயர்ப்பலகையையும் படித்துக்கொண்டே அடையாறு வரைக்கும் நடந்தார்.