சீனி வருத்தம் என்று சொன்னேன்

போன வருடம் எனக்குத் தூக்கம் போனது. கூடவே பசியும் போனது. கோபம் மட்டும் போகவில்லை. ஒருநாள் காலையில் பல் தீட்டப் போனவள், பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதேன். கொழும்பில் தமிழர் நிறைந்த எங்கள் வெள்ளவத்தையில் இதற்கு மனநல டாக்டர் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் படியில் ஏறிய தமிழச்சி இறங்குவதற்குள் செய்தி கனடாவுக்குப் போய்விடும். ஆகவே எங்கள் ஆட்கள் குறைந்த நுகேகொடைக்குப் போனேன்.

அங்கிருந்த சிங்கள டாக்டர் மாத்திரையைக் குறைவாகவும் வேலையை நிறையவும் தந்தார். விடிய எழும்பிக் கடற்கரையோரம் நடக்க வேண்டும். நேரத்துக்குப் படுக்க வேண்டும். போனைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகக் கூடாது. இவற்றோடு, எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர்களில் ஒருவருக்காவது தினமும் உண்மையைச் சொல்ல வேண்டுமாம். இந்த மனிதருக்கு எங்கள் சனத்தைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நடக்க இறங்கியபோதே எங்கள் ஃபிளாட்டின் மூன்றாம் மாடி அக்கா பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, கேட்ட கேள்விக்கு விடை வராமல் ஆளை விடமாட்டார். திடீரென்று என்ன நடை என்றார். என் வாய் தானாகவே சீனி வருத்தம் என்றது. எங்கள் ஆட்களிடம் நீரிழிவு ஒரு வருத்தமே இல்லை, அங்கத்துவ அட்டை.

மறுநாள் ஐந்தரைக்கே அக்கா பாவற்காய்ச் சாற்றோடு கதவைத் தட்டினார். கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் இன்னும் நான்கு சீனிக்காரர் சேர்ந்துகொண்டார்கள். எவ்வளவு, எவ்வளவு என்று இரத்தத்தில் சீனியின் அளவு கேட்டார்கள். நானும் நாளுக்கொரு இலக்கம் சொன்னேன். ஒருநாள் தெரியாமல் மிகவும் குறைத்துச் சொல்லிவிட்டேன். மயங்கி விழப்போகிறாள் என்று என்னைப் பிடித்து இருத்தி, ஒருவர் என் வாயில் டொஃபியைத் திணித்தார். ஆறு வாரத்தில் நான் தின்ற ஒரே இனிப்பு அதுதான். பிறந்தநாள் வீடுகளில் கேக் தட்டை அக்காவே கைகாட்டி அடுத்த ஆளுக்கு அனுப்பிவிடுவார்.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தோடு நடந்த நாள்களில் எனக்குத் தூக்கம் வந்தது. உண்மையைச் சொல்லப் பல தடவை வாயெடுத்தேன். விசர், பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டால் அடுத்த நாள் யார் கதவைத் தட்டுவார்கள்? அந்தப் பயத்தில் உண்மையையும் பாவற்காய்ச் சாற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

ஏழாம் வாரம் மறுபடியும் நுகேகொடை. காத்திருக்கும் அறையில் ஒருவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். கீழே தெரிந்த செருப்புகளை எனக்குத் தெரியும். தினமும் அவற்றுக்குப் பின்னால்தான் நடக்கிறேன். பேப்பர் மெல்ல இறங்கியது. மூன்றாம் மாடி அக்கா.

அக்கா பேப்பரை நான்காக மடித்து வைத்தார். பிறகு அவர்தான் கேட்டார்.

"எப்பிடிப் பிள்ளை இருக்கிறீர்?"

சீனி கூடிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நல்லா இல்லை அக்கா."

அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நானும் நாலு வருசமா நல்லா இல்லை," என்றார். "இதில வந்து இரும்."