‘புரிந்தது’ என்ற பொத்தான்

ஆசிரியர் கலாசாலை நேர்முகத் தேர்வுக்கு எனக்கு வந்த அழைப்புக் கடிதத்தைத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் என் அப்பாவின் கையில் கொடுத்தபோது, தேர்வு முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அப்பா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கசங்காமல் கொண்டுவந்தார். நான் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, “இப்பதான் கண்டேன் தம்பி” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைப் பதினைந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். பதுளை பஸ் நிலையத்தில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் ஓய்வு பெற்று, தடி ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்.

எங்கள் லயம் நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கிறது. பன்னிரண்டு வீடுகள், ஒரே கூரை. எங்களுக்கு வரும் கடிதம், எங்கள் வாயில் ‘தப்பால்’, நேரே வீட்டுக்கு வராது. மொத்தமாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே யாராவது மனம் வைத்தால் லயத்துக்கு வரும். தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அதனால் உறையில் எதை மறந்தாலும் பிரிவின் பெயரை மறக்கக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். ‘மேப்பிரிவு’ என்று போடாத கடிதம் கீழ்ப்பிரிவுக்குப் போய், கொழுந்து நிறுக்கும் மடுவத்து ஜன்னலில் கிடந்து, மழையில் ஊறி எழுத்தெல்லாம் கரைந்துவிடும். அப்படிக் கரைந்த கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன்.

கலாசாலை கைநழுவிப் போனதும், பதுளையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். டைப்பிங், போட்டோகொப்பி, இன்டர்நெட். மின்னஞ்சல் என்றால் என்னவென்று விளங்கிய நாளிலேயே எங்கள் லயத்துக்கென்று ஒரு முகவரி திறந்தேன். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒன்றே ஒன்று. ‘லயத்து மெயில்’ என்று எல்லாரும் சொல்லத் தொடங்கினார்கள். லயத்தில் தண்ணித் தாங்கிப் பக்கம் போய் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் மழை இல்லாவிட்டால். ஆகவே, கடைக் கணினியில் திறந்து பார்ப்பது என் பொறுப்பு. கடவுச்சொல்லும் என்னிடம் மட்டும்தான். “இனி ஆபீஸ் ஜன்னல்ல போய் யாரும் கை கட்டி நிக்க வேணாம், நான் இருக்கேன்” என்று பீற்றிக்கொண்டேன். அப்படிச் சொல்லித் திரிந்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கடிதம் எழுதும் பக்கத்தில் ‘விடயம்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் நான் எப்போதும் ‘மேப்பிரிவு, நாலாம் லயம்’ என்றுதான் எழுதுவேன். உறையின் மேல் எழுதிப் பழகிய கை. பதுளையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருநாள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“தம்பி, அதுல என்ன விசயம்னு எழுதணும். எங்க இருக்கீங்கன்னு இல்ல.”

“டிவிசன் போடாட்டி எங்க ஆளுங்களுக்குத் தப்பால் வராது முதலாளி” என்றேன். பாதி விளையாட்டு, பாதி நிஜம். யார் வந்து என்ன விண்ணப்பம் எழுதச் சொன்னாலும் அதே தலைப்பைத்தான் போட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் தங்கச்சி வீட்டுக்குக் கடைக்குட்டி. உயர்தரம் முடித்து நாலைந்து வருடம் எதற்கெல்லாமோ விண்ணப்பித்து ஓய்ந்திருந்தாள். கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சி, தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே கொடுப்பார்கள் என்று விளம்பரம் வந்தது. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அதுதான் கடைசி வருடம். நேர்முகத் தேர்வு அழைப்பு மின்னஞ்சல் வழியாக மட்டுமே என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த முறை இடையில் எந்தக் கிளாக்கரும் இல்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் டைப் செய்தேன். நான் விட்ட எழுத்துப் பிழைகளை அவள்தான் பிடித்தாள். விடயப் பெட்டிக்கு வந்ததும் என் கை வழக்கம்போல ஓடியது.

“அண்ணே, அதுல நர்ஸ் ட்ரெய்னிங்னு போட வேணாமா?”

“நீ சும்மா இரு. எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன்.”

அவள் சான்றிதழ்களைப் பைக்குள் எடுத்து வைத்தாள். அம்மா மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எண்ணிப் பேர் எழுதும் பெரட்டில் கங்காணியிடம், “மகள் பேர எழுதாதீங்க, அவ கண்டிக்குப் போறா” என்று சொல்லிவிட்டு வந்தாள். பெரட்டுக் களத்தில் சொன்னால் தோட்டம் முழுக்கச் சொன்ன மாதிரி.

அந்த வாரமே ஒரு காலையில் மெயிலைத் திறந்தால், திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நின்றது. தலைப்பில் ‘புதிய வசதிகளும் திருத்தங்களும்’ என்று இருந்தது. அதில் என்னவெல்லாம் எழுதியிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஒரே தலைப்புள்ள கடிதங்கள் இனி ஒரே உரையாடலாகத் திரட்டப்படும். பழையவை நடுவில் மடிக்கப்படும். உங்களுக்கான பதிலை நாங்களே பரிந்துரைப்போம். அனுப்பியதை ஐந்து நொடிக்குள் திரும்பப் பெறலாம். சில பிழைகள் திருத்தப்பட்டுள்ளன. இது அத்தனையும் நல்ல தமிழில்தான் இருந்தது. லயத்து ஆட்கள் பார்த்தால் விளங்கட்டும் என்று மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்தவனே நான்தான். ஆனால் அன்றைக்கு போட்டோகொப்பிக்கு ஐந்து பேர் காத்திருந்தார்கள். பெட்டியின் அடியில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது, ‘புரிந்தது’ என்று. அழுத்தினேன். நாசமாய்ப் போன பொத்தான்! ஒரு வரி படிக்காமல், ஒன்றும் புரியாமல் அழுத்தினேன்.

அதன் பிறகு திரை துப்புரவாகிவிட்டது. லயத்து மெயில் முழுவதும் ஒற்றை வரியாக மேலே நின்றது. மேப்பிரிவு, நாலாம் லயம், பக்கத்தில் ஒரு எண். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று அது ஏறிக்கொண்டே போனது. அது நான் எழுதிக் கொடுத்த கடிதங்களின் கணக்கு என்று நினைத்தேன். அந்த எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? தினமும் அந்த வரியைத் திறந்து, கடைசிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு மூடினேன். நான் ஒருமுறை திறந்தாலே உள்ளே மடிந்து கிடந்தவை எல்லாம் படித்தவை ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியாது.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது தங்கச்சி ரோட்டோரத்தில் நிற்பாள். முதல் வாரம் “வந்திச்சா?” என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டு முகத்தை மட்டும் பார்த்தாள். “வரும், வரும். இதென்ன நம்ம ஆபீஸா, அமுக்கி வைக்க?” என்பேன். ஐந்து வாரம் இதையே சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை காலையில், லயத்துக் கடைசி வீட்டு மாமா கடைக்கு வந்தார். அவர் முன்பு அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி ஒன்று வேண்டுமாம். பழைய கடிதம் எங்கே என்று தேடினேன். அப்போதுதான் வரியின் நடுவில், சின்ன எழுத்தில், ‘மேலும் 46 செய்திகள்’ என்று இருப்பதைக் கண்டேன். அழுத்தியதும் மடிப்பு விரிந்தது. எல்லாம் நான் எழுதியவை, ஒன்றன்கீழ் ஒன்றாக. நடுவில் ஒன்று மட்டும் நான் எழுதாதது. அன்புடையீர் என்று தொடங்கியது. என் தங்கச்சியின் பெயர். நேர்முகத் தேர்வுக்கு வாருங்கள், வருவதை உறுதிப்படுத்திப் பதில் அனுப்புங்கள், மூலச் சான்றிதழ்களைக் கொண்டு வாருங்கள். தேர்வு நாள் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கே அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். அதனால் என் தலைப்பே அதற்கும் வந்துவிட்டது. மேப்பிரிவு, நாலாம் லயம். அது வந்த அன்று, நான் திறந்து பார்க்கும் முன்பே வேறொருவருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பி அதை நடுவில் தள்ளியிருந்தேன். பிரிவின் பெயர் சரியாக இருந்ததால் கடிதம் சரியான இடத்துக்கே வந்து சேர்ந்து, அங்கேயே புதைந்து கிடந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். “நாங்க மெயில் அனுப்பியிருக்கோம் சார். பதில் வரல. ஆள் எடுத்து முடிஞ்சிருச்சு, அடுத்த வருஷம் போடுங்க” என்றாள். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்றேன். “அப்படியா சார்” என்றாள். அவளிடம் சண்டை போடக்கூட எனக்கு வழி இருக்கவில்லை. முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ‘அன்றைக்கே சொன்னேனே’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு ஒரு பிளேன்டீ மட்டும் வாங்கி வைத்துவிட்டு உள்ளே போனார்.

தங்கச்சி அன்றைக்குச் சாமான் வாங்கப் பதுளைக்கு வந்திருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு, இரண்டு கையிலும் பையோடு கடைக்குள் நுழைந்தாள். நான் எழுந்து நின்றேன். எப்படிச் சொல்வதென்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. திரையைக் காட்டினேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“இப்பதான் கண்டேன்மா.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. கிளாக்கர் சொன்ன அதே வார்த்தை, அதே இழுவை. அவரையாவது திட்டுவதற்கு நான் இருந்தேன். இவள் என்னைத் திட்டக்கூட மாட்டாள் என்று தெரிந்தபோது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அவள் பைகளைக் கீழே வைத்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தை முதலிலிருந்து மெதுவாகப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தை மறுபடியும் படித்தாள். கடிதத்துக்கு அடியில், புதிய வசதியின்படி, மூன்று பதில்கள் தயாராகக் காத்திருந்தன. ‘நன்றி.’ ‘மன்னிக்கவும், இயலாது.’ ‘கட்டாயம் வருகிறேன்.’ நாள் போய்விட்டது என்று அந்த மெஷினுக்குத் தெரியவில்லை.

அவள் மவுசைப் பிடித்து மூன்றாவதை அழுத்தினாள்.

“என்னம்மா பண்ற? அது முடிஞ்சு போச்சு!” நான் பாய்ந்தேன். திரையின் ஓரத்தில் ‘அனுப்பப்பட்டது, திரும்பப் பெறவா?’ என்று கேட்டது. ஐந்து நொடி. அவள் மவுசை விடாமல் கையை அதன்மேலேயே வைத்திருந்தாள். எழுத்து மறைந்துபோனது.

“தெரியும்ணே” என்றாள். “கூப்பிட்டும் வராதவள்னு அவங்க நெனச்சிரக் கூடாதுல்ல.”

பிறகு பைகளை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை பெரட்டுக்குத் தன் பேரைக் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு மணி பஸ்ஸுக்குப் போனாள்.