சரிங்க, கேப்டன்

இங்கே உப்பை லாரியில் கொண்டுவந்து தெருவில் கொட்டுகிறார்கள். பனி உறைந்து வழுக்கக் கூடாதாம். நல்ல கல்லுப்பு, வண்டியின் பின்னாலிருந்து பொரி இறைப்பது போல இறைபடுகிறது. மரக்காணத்து உப்பளத்தை நம்பிப் பிழைத்த வீட்டுப் பிள்ளைக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? சிந்திய உப்பை மிதித்தாலே அம்மாவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். கனடாவின் வடபகுதியில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்த புதிதில் நடைபாதையில் தாண்டித் தாண்டி நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் காலில் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னார். இப்போது எல்லோரையும் போல மிதித்துக்கொண்டுதான் போகிறேன். விமான நிலையத்துக்குள் மட்டும் உப்பு ஆகாது. விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால் அங்கே மணல்தான் தூவுவார்கள். எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பிரஷ் கிடக்கிறது. காலணியைத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

நான் இந்தியாவில் பைலட் லைசென்ஸ் வாங்கியவன். அங்கே வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய், இக்கரைக்கு அக்கரை பச்சை என்று கிளம்பினேன். லைசென்ஸோடு கிளம்ப நினைக்கும் தம்பிகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்கே அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். அது நிஜமானதுதான் என்று டெல்லியிலிருந்து சான்று வரவேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை மறுபடி, பரீட்சை மறுபடி, பரிசோதகரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பறந்து காட்டுவதும் மறுபடி. எல்லாம் முடிந்து கனடா லைசென்ஸ் கைக்கு வந்தபோது சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

வடக்கே சாலையில்லாத ஊர்களுக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோகும் ஒரு சிறிய விமானக் கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டது. தலைமை விமானி லிண்டா, "கேப்டன் தப்புப் பண்ணுகிறார் என்று உனக்குத் தோன்றினால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். எனக்கு அது சுலபமான கேள்வியாகப் பட்டது. "அவர் அனுபவசாலி, ஏதாவது காரணம் இருக்கும். நான் அவர் பேச்சைத் தட்டமாட்டேன்," என்றேன், பெருமையாகவே. "கிரேட்," என்று சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். பள்ளி விடுமுறைகளில் குயிலாப்பாளையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்த்தவன் நான். வெள்ளைக்காரர்களை எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. பஸ்ஸுக்கு நிற்கும்போதே வீட்டுக்குப் போன் செய்து, கிரேட் என்றார்கள், வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அப்பா உப்பளத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. மரியாதையான பையன்தான், ஆனால் வாய் திறக்காத துணை விமானியோடு எங்களால் பறக்க முடியாது என்று பக்குவமாக எழுதியிருந்தார்கள். விருப்பமிருந்தால் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை இருக்கிறதாம், பலர் அப்படித்தான் தொடங்குகிறார்களாம். நான் மறுபடி வீட்டுக்குப் போன் செய்தேன்.

"மூட்ட தூக்கறதுக்கா ஏரோப்ளேன் படிச்ச?" என்றார் அம்மா. "அத இங்கயே தூக்கியிருக்கலாமேடா. உப்பு மூட்டதான் கெடக்குதே."

அப்பா போனை வாங்கினார். "லட்டு துன்னவன் எவனும் திருப்பிக் கேக்கலப்பா. நீ ஒடம்பப் பாத்துக்கோ."

லிண்டாவைக் குறை சொல்லி என்ன? நேர்காணலில் சொன்ன அந்தப் பதில் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். அப்பா ஒரு முதலாளியின் உப்பளத்தில் மேஸ்திரி. நான் பள்ளியில் படித்தபோது ஒரு சித்திரை மாதம், மேற்கே மேகம் கருத்தது. உப்பு அம்பாரத்துக்குத் தார்ப்பாய் போட ஆட்கள் ஓடினார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். காலையில் லோடு ஏற்ற லாரி வரும், மூடிக் கட்டி நேரத்தை வீணாக்காதே என்றார். மேகத்தைப் பார்த்துக்கொண்டே அப்பா, "சரிங்க மொதலாளி," என்றார். மழை அடித்துப் பெய்து, அம்பாரம் பாதி கரைந்து வாய்க்காலில் ஓடியது. மறுநாள் முதலாளி வந்து, "ஏன்யா, மேகம் கட்டியிருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது?" என்று கத்தினார். அதற்கும் அப்பா சொன்னது, "சரிங்க."

இரண்டு குளிர்காலம் சரக்கு ஏற்றினேன். பால், உருளைக்கிழங்கு, குழந்தைகளின் டயப்பர் பெட்டிகள். முதுகு வலியோடு அறைக்கு வந்து, சமைக்கச் சலித்து, ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பேன். என் லைசென்ஸ் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு காலை, பயணிகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. பனி நீக்கும் மருந்து அடிக்கிற வண்டி கிளம்பாமல் மக்கர் செய்தது. இறக்கையைத் தொட்டுப் பார்த்தேன், மேலே உறைபனி சொரசொரவென்று இருந்தது. கேப்டன் டேவ் ஏற்கெனவே தாமதம் என்ற அவசரத்தில் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "லேசாகத்தான் இருக்கிறது, போகலாம்," என்றார். எனக்குச் "சரிங்க" பல் வரைக்கும் வந்துவிட்டது. கரைந்து ஓடிய அம்பாரம் ஞாபகம் வந்தது.

"நோ," என்றேன். "மருந்து அடிக்காமல் கிளம்பக் கூடாது."

டேவ் திரும்பி வந்து கையுறையைக் கழற்றி இறக்கையைத் தடவினார். "நீ சொல்வது சரி. தாங்க்ஸ்," என்று சொல்லிவிட்டு, பயணிகளை இறங்கிக் காத்திருக்கச் சொன்னார். அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை, யாருக்கும் மானம் போகவில்லை. எனக்குத்தான் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு லேசான காரியமா இது? இதைச் சொல்ல முடியாமல்தானே அப்பா இத்தனை வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சித்திரை பிறந்தது, இங்கே பனி இன்னும் விடவில்லை. லிண்டா கூப்பிட்டு, திங்கட்கிழமை துணை விமானிப் பயிற்சி தொடங்குகிறது, வா என்றார். பழைய கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை; கடிதத்தைக் கையில் கொடுத்தார். வீட்டுக்குப் போன் செய்தேன்.

"லெட்டர் வந்துச்சா, இல்ல கிரேட்டுன்னாங்களா?" என்றார் அம்மா. லெட்டர் வந்துவிட்டது என்றதும் அழுதார். அப்பா போனை வாங்கினார்.

"நல்லதுப்பா. வைகாசில தங்கச்சி கல்யாணம், ஒரு வாரம் லீவு சொல்லிட்டு வந்துடு. மாப்ளைக்கு மோதரம் போட மச்சான் இல்லன்னா எப்படி?"

"இல்லப்பா, முடியாது," என்றேன். "ட்ரெய்னிங் நடுவுல லீவு தர மாட்டாங்க. கேட்டா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும்."

அந்தச் சொல் எனக்கு இப்போது தடங்கலில்லாமல் வருகிறது.

"சரிங்க," என்றார் அப்பா.

முதலாளியிடம் பேசுகிற அதே குரல். 'திட்டுங்கப்பா, அப்படிச் சொல்லாதீங்க' என்று கெஞ்சத் தோன்றியது. அதற்குள் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை புதுச் சீருடையில் போனேன். வழியெல்லாம் உப்பு இறைத்திருந்தது. கம்பெனி வாசலில் பிரஷ்ஷை எடுத்து ஒரு காலணியைத் தேய்த்து அந்தக் காலை உள்ளே வைத்தேன். வெளியே இருந்த காலணியின் தையல் இடுக்கில் உப்பு வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. குனிந்து எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உள்ளே டேவ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.