ஒலிப்பதிவுக்குக் குடித்த தண்ணீர்

தைப்பூசம் கழிந்த இரண்டாவது சனிக்கிழமை அது. என் மனைவிக்கு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்திருந்தது, அடுத்தது திங்கள்கிழமை. வாரத்தில் இந்த இடைவெளிதான் நீளம். அதுவரை குடிப்பதெல்லாம் உடம்புக்குள்ளேயே தங்கும். நாளுக்கு அரை லிட்டர் என்பது டாக்டர் போட்ட எல்லை. ரசமும் கஞ்சியும் மாத்திரைக்குக் குடிக்கும் மடக்கும் அதில் சேர்த்தி.

எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் சில இளைஞர்கள் தண்ணீரையும் உடம்பையும் வைத்து ஓர் ஒலிக்காட்சி தயாரித்துக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து தங்கள் ஒலியைக் கொடுக்கலாம். எங்களுக்கு முன்னால் ஒருவர் வாய் கொப்பளித்தார்; ஒரு சீன மாது ஈரக்கூந்தலைப் பிழிந்தார். தண்ணீர் குடிக்கும் ஒலியைத் தருவதாக என் மனைவி பெயர் கொடுத்திருந்தாள். நோயைப் பற்றி அங்கே நான் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அங்கேயாவது நோயாளியாக உட்கார மாட்டேன் என்றாள். ஊசி போட்டுத் தடித்த கையை மறைக்க முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள்.

காலையில் அவள் தேநீரை வேண்டாம் என்றது ஏன் என்று அந்த மாடிப்படியில்தான் எனக்குப் புரிந்தது. அன்றைய பங்கு முழுவதையும் ஒரே கிளாசுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

தொண்டையில் சிறிய மைக்கை ஒட்டினார்கள். காற்றாடியை நிறுத்தினார்கள். பெரிய கிளாஸ். அவள் இடையில் நிறுத்தாமல் குடித்தாள். அப்படிக் குடித்து நான் பார்த்து வருஷங்கள் ஆகின்றன.

கெலுகோர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் ஒருத்திதான் பதிவைக் கவனித்தாள். காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"சாரி அக்கா, நடுவுல ரோட்டுல போன மோட்டார் சைக்கிள் சத்தம் வந்திருச்சு. இன்னொரு தடவ குடிங்களேன். தண்ணிதானே, நிறைய இருக்கு லா."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். ஒருவன் கிளாசை நிரப்பிவிட்டான்.

அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டிவிட முடியாதா என்று கேட்டேன். வெட்டினால் கடைசி மடக்கும் போய்விடும் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். வேறு என்ன சொல்வது? ஒரே வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். அந்த வார்த்தையைத்தான் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, நீங்க கீழ போய்க் கட்டடத்தப் பாருங்க" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். வரும்போது முகப்பில் சுதையில் பொறித்திருந்த, கட்டிய ஆண்டைப் படிக்க நான் வெகுநேரம் நின்றதைச் சொல்லிக் காட்டுகிறாள். நான் போகவில்லை. இந்த முறை மெதுவாகக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணுக்கால் வீங்கியிருந்தது. மதியத்துக்குள் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு வாங்கியது. டயாலிசிஸ் மையத்துக்கு போன் செய்தேன். திங்கள்வரை இடம் இல்லை, மோசமானால் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். அவள் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவதை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"மொத கிளாஸ் அவங்களுக்குக் குடிச்சேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "தொண்டையில சத்தம் வருதான்னே நெனச்சிக்கிட்டிருந்தேன், ருசியே தெரியல. ரெண்டாவதுதாங்க எனக்கு."

அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைச் செருகினேன். இப்போது பரவாயில்லையா என்று கேட்டேன். தலையை மட்டும் அசைத்தாள். வெளியே இன்னும் நல்ல வெயில். திங்கள்கிழமை வெகுதூரத்தில் இருந்தது.